ஹெல்மெட் மாட்டும் முன்

எங்கள் மூன்று பேர் கொண்ட புகைப்படக் குழுவில் இவர்தான் மூத்தவர். மேரு ஊர்த் திடலில் மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றால் சேறு தெறிக்க வளைவில் மண்டியிட்டிருப்பார். பந்தயம் முடிந்து வீரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றியதும் கேமராவை இறக்கிவிடுவார். அதற்கு மேல் எடுத்தால் பிலிம் வீணாம்.

ஒருநாள் ஓர் இளம் வீரன் பந்தயத்தில் விழுந்து இறந்தான். மறுநாள் அவனுடைய அப்பா பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த எங்கள் போட்டோ கடைக்கு வந்தார்.

“மாலை போட ஒரு படம் வேணும்ணே. மூஞ்சி தெரியணும்.”

நெகட்டிவ் எல்லாவற்றையும் தேடினோம். எல்லாவற்றிலும் ஹெல்மெட்தான்.

“இல்லண்ணே,” என்றார் எங்கள் மூத்தவர்.

“இத்தன வருஷமா அவனத்தானே எடுத்தீங்க?”

அதற்குப் பிறகு, பந்தயம் தொடங்கும் முன்பே ஒவ்வொரு வீரரின் முகத்தையும் இவர் படமெடுக்கப் போவார். எதற்கென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இவர் வருவதைப் பார்த்தாலே அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்கள்.