சிலிக்கனில் விழுந்த கரிப்பந்து

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு என் மூத்த சகோதரி ராத்தா வீட்டிலிருந்து அழைப்பு. அவர் மகள் பர்ஹானாவைப் பெண் பேச மருதமுனையிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா வருகிறாராம். எனக்கு அங்கே என்ன வேலை? விளக்கம் சொல்வது!

நாட்டில் சண்டை முடிந்து சில மாதங்கள். வீதித் தடைகளில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கத் தேவையில்லை. ஊரில் எல்லோரும் ஒரே மூச்சாகக் கல்யாணம் பேசுகிறார்கள்.

பர்ஹானா பௌதிகம் படித்தவள். அவளை ஜப்பானில் ஓர் ஆய்வுகூடம் ஒரு வருடத்துக்கு அழைத்திருக்கிறது. அறுபது காபன் அணுக்கள் சேர்ந்து கால்பந்து வடிவில் ஒரு மூலக்கூறு... பெயர் புலரீன். அது சிலிக்கனின் மேல் விழுந்தால் எப்படிப் பிணைகிறது? அதைத்தான் அவள் பார்க்கப்போகிறாள். போய்வந்துதான் கல்யாணம் என்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கமாட்டார்கள் என்று தரகர் சொல்லிவிட்டார். ஒன்று ஜப்பான், இல்லையென்றால் மாப்பிள்ளை. ராத்தா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. நானும் அதைக் கெடுக்கவில்லை.

“காபன் எண்டா நம்மட கரிதான். சிலிக்கன் மணல்லருந்து எடுக்கிற சாமான்...” என்று தொடங்கினேன்.

மாப்பிள்ளையின் உம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கரியும் மணலும் ஒட்டுதா எண்டு பாக்கவா தம்பி ஜப்பானுக்குப் போகணும்? எண்ட கரிச்சட்டிய மணல் போட்டுத்தான் தேய்க்கிற. ஒட்டினா சட்டி எப்பிடி வெளுக்கும்?”

ராத்தா பார்த்த பார்வையில், விருந்துக்குச் செய்த வட்டிலப்ப இனிப்பு என் பக்கம் வராது என்பது மட்டும் தெரிந்தது.

நல்லவேளை, தேத்தண்ணியோடு பர்ஹானாவே வந்தாள்.

“மணல் இல்ல மாமி, சுத்தமான சிலிக்கன் பளிங்கு. உள்ளுக்கு இரிக்கிற ஒவ்வொரு அணுவும் சுத்திவர நாலு பேர்ர கையப் புடிச்சிருக்கும். பளிங்க வெட்டினா, வெட்டின முகத்தில நிக்கிறதுகளுக்குப் பக்கத்தாள் இல்லாமப் போயிரும். புடிச்சிருந்த கை வெறுங்கையா நீட்டினபடி நிக்கும்.”

மாப்பிள்ளையின் உம்மா தன் உள்ளங்கையைப் பார்த்தார். அந்த அம்மாவின் மூத்த மகன் சுனாமியில் போனவன். இப்போது பெண் பேசுவது இளையவனுக்கு. மிச்சமுள்ள ஒரே பிள்ளை.

“மறுகா? அதுக்குப் பொறகு?” என்றார் அவர்.

“மேலருந்து அந்தக் கரிப்பந்து விழுந்தா அந்தக் கையெல்லாம் சேந்து இறுக்கிப் புடிச்சிரும். தங்கத்தில விழுந்தா அங்க இஞ்ச நகரும். சிலிக்கனில உருளவும் ஏலாது.”

“அப்ப... ஆர் ஆர்ர வீட்டுக்குப் போற?”

ஜப்பானில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் மணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். கடல் கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாக அவளுடைய வாப்பா, என் மச்சான், கட்டிய புது வீடும் பர்ஹானாவின் பெயரில்தான் இருக்கிறது.

“பந்துதான் மாமி சிலிக்கனுக்கு வாற.”

“சூடாக்கினா உட்டுட்டுப் போகாதா?”

“சூடு நல்லாக் கூடினா பந்துதான் உடையும். உடைஞ்சி, சிலிக்கனோட சேந்து வேற பொருளாயிரும். திரும்பிப் போகாது.”

மச்சான் தலையில் கைவைத்தார். விஞ்ஞானம் சரிதான். ஆனால், பெண் பேச வந்தவரிடம் சொல்கிற கதையா இது?

மாப்பிள்ளையின் உம்மா கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப எண்ட மவனும் திரும்பி வரமாட்டான்.”

சீ, அப்படியெல்லாம் இல்லை என்று யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால், எல்லோருக்கும் ஊர் வழக்கம் தெரியும்.

ராத்தா முந்தானையைத் திருகத் தொடங்கினார். முடிந்தது கதை என்று நானும் நினைத்தேன்.

“புள்ள ஜப்பானுக்குப் போயிட்டு வரட்டும்” என்றார் மாப்பிள்ளையின் உம்மா. “எனக்கு என்ன அவசரம்? அந்த ஒரு வருசமும் அவன் எண்ட கையாலதானே சோறு தின்னுவான்.”

மச்சான் அல்ஹம்துலில்லாஹ் என்றார். ராத்தாவுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

இந்த மாதிரி ஆராய்ச்சிகளால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. மருதமுனையில் ஒரு தாய்க்கு ஒரு வருடம் லாபம்.

மாப்பிள்ளை என்ன சொன்னார்? அவரிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை.