லூர்து அக்கா அனுப்பச் சொன்ன சாவுத் தந்தி

லூர்து அக்கா இறந்த செய்தி எனக்கு மீன்கடையில் கிடைத்தது. ஈப்போவில், எங்கள் புந்தோங் சந்தையில் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அக்கா வேலை செய்த தையல்கடையின் முதலாளியம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார். "சரசு, லூர்து போயிருச்சுலா. மிசின் மேல தலைய வச்சுப் படுத்திருக்குன்னு நெனச்சேன். எழுப்புறேன், எழுப்புறேன், எழும்பவே இல்ல" என்றார். நிறுத்துப் போட்ட மீனை அப்படியே விட்டுவிட்டு நடந்தேன். மீன்காரச் சீனர் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அக்கா வீட்டில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன்பு கோயில் பெரியவர் ஒருவர் இரண்டு வார்த்தை பேசினார். "நம்ம லூர்துமேரி வாழ்நாளில் ஒரு பொய் சொல்லி அறியாதவர்" என்றார். கூட்டம் தலையாட்டியது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேறு இடமாக இருந்தால் அங்கேயே மறித்திருப்பேன். சாவு வீடு என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அக்கா பொய் சொன்னவர். சாதாரணப் பொய்கூட இல்லை, உயிரோடு இருந்த ஒரு மனிதரைச் செத்துப்போனதாகச் சொல்ல வைத்த பொய். அதை மறைத்து அவரை நல்லவர் என்றால் பாதி லூர்து அக்காவைத்தான் நல்லவர் என்கிறோம். அவரைத் தெரிந்த நீங்கள் மீதிப் பாதியையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுபதுகளில் நாங்கள் இருவரும் சுங்காய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவர் வெங்காயம் வதக்கினால் எனக்குக் கண் எரியும். நான் கல்யாணமாகி வந்த புதிது. முதல் நாள் மரம் சீவப் போய் பட்டையைக் கண்டபடி காயப்படுத்திவிட்டேன். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வந்து, "மரமா இது, மாட்டுத் தொடையா?" என்று கத்தினார். பக்கத்து வரிசையில் நின்ற அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "கல்யாணமான மறுவாரம் நீங்க எந்த லட்சணத்துல வெட்டுனீங்க, அண்ணே? அண்ணிய வந்து கேக்கட்டுமா?" என்றார். மண்டோர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து நான் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள்.

அவருடைய அப்பா, அம்மா, தம்பி அருள், தங்கை அமலி எல்லாரும் ஒரு காலத்தில் அதே லயத்தில்தான் இருந்திருக்கிறார்கள். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை அனுமதி கிடையாது என்று வந்தபோது, எத்தனையோ குடும்பங்களைப் போல அவர்களும் கப்பலேறி, நாகப்பட்டினம் பக்கத்தில் தங்கள் பழைய கடலோர ஊருக்கே போய்ச் சேர்ந்தார்கள். குடியுரிமைக்கான நீல அட்டை கிடைத்திருந்ததால் அக்கா மட்டும் இங்கே நின்றுவிட்டார். அவர் கணவர் லோரி ஓட்டுநர், வாரக்கணக்கில் வீடு தங்கமாட்டார். பிள்ளை இல்லை. இடுப்பில் தூக்கி வளர்த்த அமலிதான் அக்காவுக்குப் பிள்ளை. அந்தப் பெண்ணுக்கு அங்கே உள்ளூரிலேயே மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று கடிதம் வந்த நாளிலிருந்து அக்கா சின்னச் சின்னச் சட்டைகளாகத் தைத்துக் குவித்துக்கொண்டிருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் மண்டோர் வீட்டு ரேடியோவில் மதராஸ் செய்தி கேட்டோம். வங்கக் கடலில் புயல், நாகைக் கரையை நோக்கி நகர்கிறது என்றார்கள். எங்கள் தோட்டத்தில் அன்றைக்கு ஓர் இலை அசையவில்லை. வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. லயத்தில் பாதிப் பேருக்கு அந்தக் கரையில் சொந்தம் உண்டு. சிலர் கோயிலில் மெழுகுவத்தி கொளுத்தினார்கள். நான் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். அக்கா ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் நாட்டுப் படப் புத்தகத்தை இரவல் வாங்கி, கடல் இருக்கிற பக்கத்தை விரித்து, புயல் நிற்கிற இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்தார். ஒவ்வொரு செய்தி முடிந்ததும் ஓடி வந்து கொட்டையைக் கொஞ்சம் நகர்த்துவார். கரைக்கும் கொட்டைக்கும் நடுவே விரலை வைத்து அளப்பார்.

"நேத்து மூணு விரக்கட இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான் இருக்கு, சரசு" என்றார்.

"திரும்பிப் போனாலும் போயிரும், அக்கா."

"திரும்பலன்னா?"

வெளியேறச் சொல்லி அப்பாவுக்குத் தந்தி கொடுங்கள் என்றேன். அக்கா எரிந்து விழுந்தார். "எங்கப்பன ஒனக்குத் தெரியாது. காத்துக்குப் பயந்து வீட்ட பூட்டுற ஆளா அவரு? 'கடலு எனக்கென்ன புதுசா'ம்பாரு. அவரு அசையலன்னா ஒருத்தரும் அசையமாட்டாங்க. எங்கயாச்சும் சாவுன்னு சொல்லிப் பாரு, சோத்துல கை வச்சிருந்தாலும் எழுந்து ஓடுவாரு" என்றவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். என்னையே பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். வழி எங்களுக்கு அப்படித்தான் தோன்றியது.

திருச்சியில் அக்காவின் பெரியப்பா இருந்தார். கடலிலிருந்து எட்டத்தில் உள்ள ஊர். அவருக்கு இங்கிருந்து ஒரு தந்தி. 'புயல் வருகிறது. நீங்கள் இறந்துவிட்டதாக அப்பாவுக்கு உடனே தந்தி கொடுங்கள். எல்லாரையும் அங்கே வரவழையுங்கள்.' இவ்வளவுதான் செய்தி. சுங்காய் தபால் கந்தோரில் தந்தி எழுதிக்கொள்கிற தம்பி, நாங்கள் சொன்னதைக் கேட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அக்கா, இந்த ஆளு உசுரோட இருக்காரா, செத்துட்டாரா?"

"உசுரோட நல்லாத்தான் இருக்காரு."

"அப்ப செத்தது யாருலா?"

"இன்னும் யாரும் சாகல, தம்பி. சாகக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன். எழுதுங்க."

அவர் எழுதினார். எங்களைப் பார்க்காமலே எழுதினார். வெளியே வந்ததும் அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "பாவம்னா அது எம்மேல. நீ சும்மா தொணைக்கு வந்தவ" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது பெரியப்பா இதைச் செய்வாரா மாட்டாரா என்று மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே வந்தோம். தன் சாவைத் தானே அறிவிக்க எந்த மனிதன் சம்மதிப்பான்? தந்தி கிடைத்ததா, பெரியப்பா மறு தந்தி கொடுத்தாரா, அவர்கள் கிளம்பினார்களா, எதையும் தெரிந்துகொள்ள வழியில்லை. அக்கா மரம் சீவப் போனார், பால் எடுத்தார், வந்தார், புளியங்கொட்டையை நகர்த்தினார். அது கரையைத் தொட்ட அன்று படப் புத்தகத்தை மூடி அதன் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எங்கள் லயத்துக்கு வெளியே அப்போதும் நல்ல வெயில்.

கடல் ஊருக்குள் புகுந்தது, பல கிராமங்களைக் காணவில்லை என்று ரேடியோ சொன்னது. பிறகு நாள்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. அக்கா சாப்பிடுவதைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கடைசியில் திருச்சியிலிருந்து தந்தி வந்தது. தோட்டத்து ஆபீஸ் கிராணி படித்துக் காட்டினார். 'அப்பா அம்மா அருள் நலம். பெரியப்பா.'

லயமே கூடிக் கும்மாளம் போட்டது. நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன். அவர் உடம்பு விறைத்து நின்றது. "அமலி பேரு எங்க?" என்றார்.

ஆளுக்கு ஒரு சமாதானம் சொன்னார்கள். தந்தியில் ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு, குறைத்து எழுதியிருப்பார் என்றார் கிராணி. கட்டிக் கொடுத்த பெண்ணை யார் பிறந்த வீட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள் என்றார் மண்டோர் மனைவி. நானும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். அக்கா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார். கொஞ்ச நேரம் கழித்துத் தந்தியை விரித்து மறுபடியும் பார்ப்பார். இங்கிருந்து அவர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. சட்டை தைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

சில வாரம் கழித்து, பெரியப்பாவின் தெருக்காரர் ஒருவர் கப்பலில் பினாங்குக்கு வந்து, அங்கிருந்து விசாரித்துக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தார். நல்ல மனிதர். நடந்ததை அவருக்குத் தெரிந்த வரையில் சுவாரசியமாகத்தான் சொன்னார். "ஒங்கப்பாவும் அம்மாவும் தெருமுனையிலேருந்தே மாரடிச்சு அழுதுக்கிட்டு வாராங்க. ஒங்க பெரியப்பா சட்டையில்லாம வந்து கதவத் தெறக்குறாரு. ஒங்கப்பா விட்டாரு பாருங்க ஒரு அறை! ஆனா அந்தத் தந்திதாம்மா குடும்பத்தக் காப்பாத்துச்சு. அங்க இப்ப வீடே கெடையாது."

"அமலி வந்துச்சா?" என்று அக்கா கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "மாப்ள வந்தாரு, தோள் குடுக்கணும்னு. மாசமா இருக்கிற புள்ளய எழவு வீட்டுக்கு எப்படிம்மா கூட்டிட்டு வருவாங்க? பக்கத்து வீட்டு ஆத்தாவத் தொணைக்கு வச்சிட்டு வந்துட்டாங்க. இவங்க திரும்புறதுக்குள்ள கடலு உள்ள வந்துருச்சும்மா."

நாங்கள் இரண்டு பெண்கள் சேர்ந்து யோசித்த பொய் அது. கர்ப்பிணி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது சோற்றில் உப்புப் போடுவது போல எங்களுக்குத் தெரிந்த விஷயம். அந்த அவசரத்தில் இருவருக்குமே தோன்றவில்லை.

அக்கா அழவில்லை. வந்தவருக்கு இலை போட்டுச் சோறு போட்டார். இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்திக் குழம்பு ஊற்றினார். அவர் படியிறங்கிக் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் குழம்புச் சட்டியோடு தரையில் சரிந்தார். "காத்து கொல்லலடி அத. நாந்தான் ஆளில்லாம ஆக்கி வச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மற்ற நான்கு பேரைக் காப்பாற்றினீர்களே என்று சொல்ல வாயெடுத்தேன். "எண்ணாத, சரசு. எண்ணாத" என்று என் வாயைப் பொத்தினார். அவர் அப்பா கடைசி வரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பரை அழித்து எண்ணெய்ப்பனை வைத்தார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் குடியேறினோம். இங்கேதான் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். லூர்து எந்தச் சாவுக்கும் வராது, மனுஷத்தன்மை இல்லாத ஜென்மம் என்று உங்களில் சிலர் பேசியதும் எனக்குத் தெரியும். என்னிடமே சொல்லியிருக்கிறீர்கள்.

எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, என் கணவரின் சித்தப்பா காம்பாரில் இறந்துபோனார். வீட்டில் எல்லாரும் ஒரு வேன் பிடித்துப் போய்விட்டார்கள். என்னை வழக்கப்படி விட்டுவிட்டுப் போனார்கள். வேன் தெருமுனை திரும்புவதற்குள் அக்கா ஒரு மூட்டைத் துணியோடு வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். பட்டன் தைக்க வேண்டும் என்றார். மத்தியானம் மழை பிடித்தது. ஈப்போவில் என்றைக்கும் பெய்கிற மழைதான். அக்கா ஊசியை வைத்துவிட்டு எழுந்து தெருவைப் பார்ப்பார், சாக்கடையைப் பார்ப்பார், உள்ளே வந்து என்னைப் பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வந்தது. "அக்கா, ஈப்போலா இது. இங்க கடலு எங்க இருக்கு?" என்றேன்.

"அங்கயுந்தான் வீட்டுக்குள்ள கடலு இல்ல" என்றார்.

அவர் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் வாசலில் இருந்தார். வேன் வந்து நின்றதும் மூட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நீங்கள் சாவு வீட்டில் லூர்து அக்காவைத் தேடிய நாள்களிலெல்லாம் அவர் எங்கே இருந்தார் என்று உங்கள் வீட்டு மருமகள்களைக் கேட்டுப் பாருங்கள். செமோர் வரைக்கும் பஸ் பிடித்துப் போய் ஒரு பெண்ணுக்குக் காவல் இருந்திருக்கிறார். யாருக்கும் காரணம் சொன்னதில்லை. துணி தைக்க வந்தேன் என்பாராம்.

அக்காவிடமிருந்து தைரியத்தை எடுத்துக்கொண்டேன் என்று எழுதத்தான் ஆசை. அவருடைய தைரியம் எனக்கு வரவில்லை, வேறொன்று வந்து ஒட்டிக்கொண்டது. பெட்டியைத் தூக்கியபோது நான் கூட்டத்தோடு போகவில்லை. எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் கலா என்று ஒரு பெண் இருக்கிறாள். நிறைமாதம். அவள் வீட்டிலும் எல்லாரும் கல்லறைக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன ஆன்ட்டி, நீங்க போகலையா? ஒங்க அக்காதானே?" என்றாள் கலா.

"போகல."

"எனக்கு ஒண்ணும் பயமில்ல. போயிட்டு வாங்கலா."

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன். எல்லாரும் திரும்பி வரும்வரை அங்கேயே இருந்தேன்.