அரை கப் டாக்டர்

“எனக்கு அரை கப் போதும்க்கா” என்று சொல்லி, ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கோப்பையைப் பாதியில் இழுத்துக்கொள்வார் டாக்டர். காலை ரவுண்ட்ஸ் முடிந்து பதினோரு மணிக்கு வார்டு அக்கா தேநீர் ஊற்ற வந்தால் தினமும் இதே கதைதான். தான் குடிப்பதோடு விட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் நிற்கிற மற்ற பயிற்சி டாக்டர்களையும் பிடித்துக்கொள்வார். நிறைய டீ குடித்தால் தூக்கம் போய்விடும், எல்லாரும் அரை கப் குடியுங்கள் என்பார். தூக்கம் என்றால் என்ன என்பதையே மறந்துபோன அந்தப் பிள்ளைகள் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி போகட்டும் என்று அரை கப்போடு நிறுத்திக்கொள்வார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்த பழக்கம் இது. நரம்பியல் வார்டில் அவர் பெயரே ‘அரை கப் டாக்டர்’ என்று ஆகிப்போனது.

ஊற்றுகிற வார்டு அக்காவுக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது. அரை கப் தளும்பாது. அதற்கு மேல் அவள் அதைப் பற்றி யோசித்ததில்லை.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். மூளை, நரம்புப் படிப்பில் கடைசி வருடம். அவர் கோட்டுப் பையில் கை விட்டால் முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சின்ன சுத்தியல், பஞ்சு, குண்டூசி, பாதி தின்ற பிஸ்கட் எல்லாம் வரும். ஒரு குட்டி டப்பாவில் காப்பித்தூளும் இருக்கும். வாசனை தெரிகிறதா என்று நோயாளியின் மூக்குக்குப் பக்கத்தில் பிடிப்பதற்காக. அதனால் டாக்டர் வருவதற்கு முன்னால் காப்பி வாசனை வந்துவிடும். தட்டினால் ரீங்காரம் போடுகிற இரும்புக் கவை ஒன்றும் உண்டு. நோயாளியின் கணுக்காலில் அதை வைப்பதற்கு முன்னால் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிக்கொள்வார். சில்லென்று வைத்தால் பயந்துவிடுவார்கள், அப்புறம் நரம்பை விட்டுவிட்டுப் பயத்தைத்தான் சோதிக்க வேண்டியிருக்கும் என்பார்.

நினைவில்லாமல் கிடக்கிறவர்களிடமும் பேசுவார். “இன்னிக்குப் புதன்கிழமைங்க. வெளியில நல்ல வெயில். உங்க பொண்ணு ரெண்டு தடவை வந்து அழுதுட்டுப் போச்சு, சீக்கிரம் எந்திரிங்க.” யாராவது பயந்து கேட்டால், “பாக்கலாம்” என்று இழுக்க மாட்டார். “பாத்துடலாம்” என்பார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் படுத்துத் தூங்கியவர்கள் உண்டு.

முதல் வருடத்தில் இப்படி இல்லை. ஒரு நோயாளியின் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டிய நாளில் ஊசியைப் பிடித்த கை வெடவெடவென்று ஆடியது. நோயாளியின் முட்டியை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது வார்டு அக்காதான். “நடுங்கினா நடுங்கட்டும்மா, நான் அசையாம பிடிச்சுக்கிறேன்” என்றாள். தண்ணீர் போலத் தெளிவாக நீர் சொட்டியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலே மூச்சு விட்டார்கள்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. ‘பெரியவர்’ என்று எல்லாரும் சொல்கிற தலைமை டாக்டர், பயிற்சி டாக்டர்களை இரண்டாம் மாடி ஜன்னலில் வரிசையாக நிறுத்துவார். வாசலிலிருந்து நடந்து வருகிறவர்களைக் காட்டி, நடையை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லச் சொல்வார். அக்கா பதினோரு வருடமாக அந்த ஜன்னலுக்குக் கீழே தரை துடைக்கிறாள். படித்தது ஐந்தாம் வகுப்பு என்றாலும் காது சும்மா இருக்குமா? ஒரு நாள் பெரியவர் சொன்னார். ஒரு கை மட்டும் வீசாமல் நடக்கிறாரா, சும்மா இருக்கும்போது கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாத்திரை உருட்டுகிற மாதிரி ஆடுகிறதா, கையெழுத்து வர வர எறும்பு மாதிரிச் சிறுத்துப் போகிறதா, இது மூன்றையும் பாருங்கள் என்றார். நோயின் பெயரையும் சொன்னார். பார்க்கின்சன்.

அன்றைக்குச் சாயங்காலம் கண்ணாடிக் கதவில் தன் உருவம் நடந்து வருவதை அக்கா பார்த்தாள். வலது கை வீசியது. இடது கை கட்டித் தொங்கவிட்டது போல அப்படியே இருந்தது. அதன் விரல்கள் மட்டும் எதையோ உருட்டிக்கொண்டிருந்தன.

அவள் இடதுகைக்காரி. வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாள். வருட ஆரம்பத்தில் கோட்டைத் தாண்டி நின்ற தன் பெயர், இந்த மாதம் கூனிக் குறுகி ஓரத்தில் கிடந்தது.

அதிலிருந்து எப்போதும் இடது கையில் ஒரு வாளி. வாளி பிடித்த கை வீசவில்லை என்று யார் கேட்பார்கள்? கையெழுத்தையும் விட்டுவிட்டுக் கைநாட்டு வைத்தாள். துப்புரவு ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் சிரித்தார். “என்னம்மா, எல்லாரும் படிச்சு முன்னேறுவாங்க, நீ பின்னாடி போறியே?” கை வலி என்று மழுப்பினாள். அவரிடம் உண்மையைச் சொல்லிவிட முடியுமா? போன வருடம் சலவைக்கூடத்தில் ஒருத்தி இடுப்பு வலி என்று ஒரு வாரம் லீவு கேட்டதற்கு, “உடம்பு சரியில்லாதவங்களை வச்சுப் பாக்க இது என்ன ஆஸ்பத்திரியா?” என்று சொல்லி அனுப்பிவிட்டவர் அவர்.

வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. “என்ன, உக்காந்த இடத்துலயே மாவு உருட்டுற?” என்று ஒரு நாள் அவர் கேலி செய்தபோது, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கடவுளிடம் மட்டும் தினமும் கேட்டாள். முழுசாகக் குணமாக்கு என்றுகூட இல்லை. இன்றைக்கு ஒரு நாள் யார் கண்ணிலும் படாமல் காப்பாற்று, அது போதும்.

படிப்பு முடிந்து போகிற மூன்று டாக்டர்களுக்கும் பாராட்டு விழா என்று ஒரு நாள் வந்தது. கூட்ட அறையில் அறுபது பேர். அறுபது பேரும் நரம்பு டாக்டர்கள். தட்டு நிறையக் கோப்பைகளோடு அக்கா அங்கே போய் நிற்க வேண்டும். பேச்செல்லாம் முடிந்ததும் வைக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். சூப்பர்வைசர் கேட்கவில்லை. ஆறிவிடும், விருந்தாளிகளுக்கு முழுக் கப்பாக ஊற்றி உள்ளே போய் ஓரமாக நில் என்று அனுப்பிவிட்டார்.

பெரியவர் ஒவ்வொருவரின் சாதனையாக வாசித்தார். ஒருவர் தேர்வில் முதலாவது. இன்னொருவரின் வலிப்பு நோய் ஆராய்ச்சி வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்திருக்கிறது. மூன்றாவது அரை கப் டாக்டர். நடிக்கிறாள் என்று மூன்று இடத்தில் திருப்பி அனுப்பிய ஒரு கல்லூரிப் பெண்ணின் கருவிழியைச் சுற்றிப் பித்தளை நிறத்தில் வளையம் இருப்பதைப் பார்த்து, உடம்பில் செம்பு சேருகிற நோய் என்று கண்டுபிடித்து, அவளைத் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போகவைத்தவர். பக்கவாதம் என்று வருகிறவர்களுக்கு ஊசி போட ஆகும் நேரத்தை ஓடி ஓடிப் பாதியாகக் குறைத்தவர். அந்த ஓட்டத்தில் லிஃப்ட் கதவு மூடிக்கொள்ளாமல் வாளியைக் குறுக்கே வைத்து வழி விட்டது யார் என்பது அந்தக் காகிதத்தில் இல்லை.

பெரியவருக்கு ஒரு பழக்கம். முக்கியமான இடம் வந்தால் நிறுத்திவிட்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். “இந்த அம்மா நம்ம வார்டுக்கு வந்த பிறகு…” என்று நிறுத்தினார்.

அந்த அமைதியில்தான் அது ஆரம்பித்தது. அக்காவின் கையில் தட்டு. தட்டில் கரண்டி போட்ட பன்னிரண்டு கோப்பைகள். கிணு கிணு கிணு. முதலில் ஒரு கரண்டி, அப்புறம் இரண்டு, அப்புறம் எல்லாம். இறுக்கிப் பிடித்தாள். இன்னும் ஆடியது. முன்வரிசையில் ஒரு தலை திரும்பத் தொடங்கியது. கடவுளே என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பட்பட்டென்று கைதட்டல் கேட்டது. கண்ணைத் திறந்தால், அரை கப் டாக்டர் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருக்கிறார். தன்னைப் பாராட்டிப் பேசும்போது, அதுவும் பாதி வாக்கியத்தில். பெரியவர் திகைத்துப்போனார். “உனக்கு நீயே தட்டிக்கிறியாடி?” என்று பக்கத்துப் பெண் கேட்க, அறையே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து தட்டினார்கள். கோப்பைகளின் சத்தம் அதில் அமுங்கியது. அக்கா தட்டை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். டாக்டரின் கண்ணும் அவள் கண்ணும் சந்தித்தன. டாக்டர் சட்டென்று தரையைப் பார்த்தார்.

அதற்கப்புறம் எல்லாரும் தாங்களாகவே தேநீர் எடுத்துக்கொண்டார்கள். அரை கப் டாக்டர் ஒரு முழுக் கப்பை நாலு வாயில் குடித்து முடித்து, இன்னொரு முழுக் கப்பை எடுத்தார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எட்டு மாதம். தினமும் அரை கப். குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள்.

காலிக் கோப்பைகளைப் பொறுக்கும்போது டாக்டர் பக்கத்தில் வந்தார். வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது, நாலு மணிக்கு வண்டி என்றார். மூன்று மணி வரைக்கும் மூன்றாம் நம்பர் அறையில் இருப்பேன், கதவு திறந்திருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா துடைத்த தரையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அந்த அறையில் நோயாளி உட்காருகிற நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டால் இதற்குப் பெயர் வந்துவிடும். பெயர் வந்துவிட்டால் அது வீட்டுக்குக் கூடவே வரும். தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேனே என்று கடவுளிடம் பேரம் பேசிப் பார்த்தாள். மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். லிஃப்ட் வரைக்கும் போனதும் என்ன தோன்றியதோ, வாளியை அங்கேயே வைத்தாள்.

நீளமான வராந்தா. அந்தக் கடைசியில் திறந்த கதவு, உள்ளே டாக்டர். அக்கா வெறுங்கையோடு நடந்தாள். ஒரு கை வீசியது, ஒரு கை வீசவில்லை. இந்தத் தடவை டாக்டர் கண்ணை எடுக்கவில்லை.

“எவ்வளவு நாளாம்மா தெரியும் உங்களுக்கு?” என்று கேட்டாள் அக்கா.

“நீங்க கையெழுத்தை விட்டுட்டுக் கைநாட்டு வச்சீங்களே, அந்த மாசத்துலேருந்து.”

“சொல்லியிருக்கலாமே.”

“ரெண்டு தடவை உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டேன். ரெண்டு தடவையும் பாத்ரூம் கழுவணும்னு ஓடிட்டீங்க.” தாங்களாக வந்து நாற்காலியில் உட்காருகிற வரைக்கும் யாருக்கும் நோய் சொல்லக் கூடாது என்பது பெரியவர் போட்ட சட்டம் என்றார். “கதவைத் திறந்து வச்சிட்டு உக்காந்திருக்கத்தான் என்னால முடிஞ்சுதுக்கா.”

அக்கா உட்கார்ந்தாள். டாக்டர் அவள் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பல்சக்கரம் சுற்றுவது போல அது விட்டு விட்டு அசைந்தது. ஒரு காகிதத்தைக் கொடுத்து ஏதாவது எழுதச் சொன்னார். கடவுள் துணை என்று எழுதினாள். ‘க’ பெரிதாக வந்தது. ‘ணை’ வரும்போது பொடி எழுத்தாகிவிட்டது. இரும்புக் கவையை எடுத்து, வழக்கம்போல உள்ளங்கையில் பொத்திக்கொண்டார் டாக்டர்.

பார்க்கின்சன் மாதிரித்தான் தெரிகிறது என்றார். மறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பெரியவரும் பார்க்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், மாத்திரை இருக்கிறது, மாத்திரை போட்டுக்கொண்டு வருடக்கணக்காக வேலை பார்க்கிறவர்கள் உண்டு, இந்த அறையில் பேசியது சூப்பர்வைசர் காதுக்குப் போகாது. பெரியவருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பாதிதான் காதில் விழுந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. இருந்த இடத்திலேயே இருந்தது.

“வீட்டுக்காரர்கிட்ட சொல்லணுமே” என்றாள் கடைசியில்.

“சொல்லுங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. புது ஊரு. அங்க யாரு முட்டியைப் பிடிச்சுக்குவாங்களோ.”

வெளியே தள்ளுவண்டியில் பிளாஸ்க் இருந்தது. கொஞ்சம் தேநீர் மிச்சம். பையைத் தோளில் மாட்டிக்கொண்ட டாக்டர் ஒரு கப்பை எடுத்து நீட்டினார். அக்கா பழக்கத்தில் பாதியில் நிறுத்தினாள். கப்பை டாக்டர் இழுத்துக்கொள்ளவில்லை.

“முழுசா ஊத்துங்கக்கா. சிந்தினா சிந்தட்டும்.”