அந்தப் பாட்டில் வரும் அப்பா

என் அப்பா என்னைப் பூட்டி வைக்கவில்லை. பூட்டி வைத்ததாகப் பொய் சொன்னவள் நான்.

நீங்கள் அந்தப் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். ஐந்து நண்பர்கள், ஹவுராவில் ஒரு மாடியறையில் தாங்களே பதிவு செய்து, துர்கா பூஜைக்கு முன்னால் இணையத்தில் வெளியிட்ட காதல் பாட்டு. கொல்கத்தாவில் அது நுழையாத காது இல்லை. மெட்ரோவில் என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் காதிலிருந்து அதைப் பிடுங்கி எறியலாமா என்று வந்தது எனக்கு!

பாட்டில், ஹவுரா ஸ்டேஷனின் பெரிய கடிகாரத்தடியில் ஒருவன் காத்திருக்கிறான். காதலி வரவில்லை. ஏன்? அவளுடைய அப்பா, தமிழர்கள் நிறைந்த லேக் மார்க்கெட்டின் வெள்ளை வேட்டிக்காரர், கதவைப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாராம். ஒவ்வொரு முறை பல்லவி முடியும்போதும் நிஜப் பூட்டையே இழுத்து ஒலிக்க விட்டிருக்கிறார்கள். டணக்... டணக்... டணக்...

இணையத்தில் அந்தப் பாட்டுக்குக் கீழே குவிந்திருக்கும் வசவுகளைப் படித்தீர்களா? "இந்த மாதிரி அப்பன்கள் செத்தால்தான் காதல் பிழைக்கும்" என்கிறார் ஒரு புண்ணியவான். யாரய்யா நீங்கள், என் அப்பாவைச் சாகச் சொல்ல?

ஆம். அந்தப் பாட்டில் காத்திருப்பவன், அந்த ஐவரில் ஒருவனான நீலாத்ரி. வராதவள் நான்.

பூட்டை மூன்று முறை இழுப்பது அப்பாவின் வழக்கம்தான். அம்மா போன பிறகு தொற்றிக்கொண்டது. வெளியே கிளம்பினால் எங்கள் மாடியின் கொலாப்ஸிபிள் கேட்டைப் பூட்டுவார், இழுப்பார், நாலு படி இறங்குவார், சந்தேகம் வந்து மறுபடி ஏறுவார். இதை நான்தான் நீலாத்ரியிடம் நடித்துக் காட்டினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே தன் தோதாரா வாத்தியத்தின் மரத்தில் அந்த மூன்று தட்டைத் தட்டியும் பார்த்தான்... அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நாங்கள் ஹவுராவில் சந்தித்து, அங்கிருந்து பதிவுத் திருமணத்துக்கு மனு கொடுக்கப் போவதாக ஏற்பாடு. அப்பா வாழைப்பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். வேலைக்கு வரும் மாசி வாசலைத் துடைப்பதற்காகக் கேட்டை அகலத் திறந்து வைத்திருந்தாள். எனக்கும் தெருவுக்கும் நடுவே இருந்தது ஒரு வாளித் தண்ணீர். அவ்வளவுதான்!

நான் கட்டிலில் உட்கார்ந்து கைபேசியில் அவனுக்குத் தட்டினேன்: "அப்பா பூட்டிவிட்டார். சாவி அவரிடம். என்னைத் தேடி வராதே."

ஏன் என்கிறீர்களா? எனக்கு அவன் வாழ்க்கை வேண்டாம். இன்று ஏதோ மேளாவில் பாட்டு, நாளை பட்டினி, ஐந்து பேருக்கு ஒரு குளியலறை... சால்ட் லேக்கில் அப்போதுதான் எனக்கு நல்ல வேலை கிடைத்திருந்தது. வேண்டாம் என்பது தப்பா? இல்லை. அதை என் வாயால் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவன் கண்ணில் நான் கெட்டவளாகக் கூடாதே! அதற்காக ஒரு கெட்டவரைத் தேடினேன். கைக்கெட்டும் தூரத்தில் அப்பா இருந்தார்.

நீலாத்ரி மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதீர்கள். நண்பன் என்று வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து நாலு அடை தின்றவன் அவன். "இன்னொண்ணு போட்டுக்கோ, பாடறவனுக்கு வயிறு காயக் கூடாது" என்று அப்பா தன் கையால் வார்த்துப் போட்டார். அந்த மனிதர் மகளைப் பூட்டுவாரா என்று ஒரு கணம் யோசித்தானா? ஒரு தடவை வந்து மணியடித்துப் பார்த்தானா? மூன்றே வரியை நம்பிவிட்டு, ஆறு வருடம் கழித்துப் பாட்டாக விற்கிறான்!

அவனை ஏசி என்ன? வரியை எழுதிக் கொடுத்தவள் யார்?

போன வாரம் மாடிப்படியில் கீழ்வீட்டு மிட்டு அப்பாவை மறித்துக்கொண்டாள். கல்லூரிப் பெண், விகல்பம் தெரியாதவள். "காக்கு, அந்தப் பாட்டில் வருவது நீங்கள்தானே?" என்று வங்காளத்தில் கேட்டு, கம்பிக் கதவை மூன்று முறை இழுத்துக் காட்டிச் சிரித்தாள். அப்பாவும் சிரித்துவைத்தார். மேலே வந்து, என்னைப் போட்டுக் காட்டச் சொல்லி, பாட்டை முழுசாகக் கேட்டார். என்னைவிட அவருக்கு வங்காளம் நன்றாகத் தெரியும். ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

முடிந்ததும் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அந்த அடை சாப்பிட்ட பையனா?"

"ம்."

"நான் உன்னை எப்பம்மா பூட்டினேன்?... பூட்டலை. எங்கிட்ட சொல்லறதுக்கே பயந்துண்டு, அவன்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கே. அவ்வளவு பயமுறுத்தி வச்சிருந்தேனா உன்னை?"

கேட்டீர்களா! என்னைத் திட்டியிருக்கலாம். அறைந்திருக்கலாம். தாயில்லாத பெண்ணுக்கு இரட்டைப் பின்னல் போடப் பக்கத்து வீட்டில் போய்க் கற்றுக்கொண்டு வந்த மனிதர், குற்றத்தைத் தன் மடியிலேயே தேடுகிறார்!

"இல்லைப்பா, எனக்குத்தான் அவன் வேண்டாம்." இவ்வளவுதானே? நாக்கு நுனிவரை வந்தது... ஆனால் அதைச் சொன்னால் நான் என்னவாக நிற்பேன் அவர் முன்னால்?

நான் தலையாட்டினேன். ஆமாம் என்று.

அன்றைய பொய்க்காவது இளமை, பயம் என்று ஏதாவது சொல்லலாம். இந்தத் தலையாட்டலுக்கு என்ன சொல்வேன்? முப்பத்திரண்டு வயது எனக்கு!

"சொல்லியிருந்தா, நானே கூட்டிண்டு போயிருப்பேனே..." என்றார். என்னிடம் மன்னிப்பும் கேட்டார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை இருவரும் கோயிலுக்குக் கிளம்பினோம். அப்பா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "இனிமே இது உங்கிட்டயே இருக்கட்டும்."

அன்றிலிருந்து நான்தான் பூட்டுகிறேன். அப்பா இரண்டு படி கீழே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பூட்டியாகிவிட்டதா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.