பக்கத்துக்கு ரெண்டு விரல்

அந்தத் தெருவில் டெய்லர் என்று கேட்டால் யாரும் வழி காட்ட மாட்டார்கள். கத்திரி என்று கேட்க வேண்டும். துணி வெட்டுவதால் வந்த பெயர் இல்லை அது. வாயைத் திறந்தால் எதிராளி பேச்சைத் துண்டு துண்டாக்கிவிடுவார், அதனால் வந்தது. அதிலும் ஆண்டவருடைய சித்தம், முன்குறித்தல் என்று யாராவது ஆரம்பித்தால் போதும், மெஷினை மிதிக்கிற கால் தானாக நின்றுவிடும். வாங்க வந்த சட்டையை வாங்காமலே தப்பித்து ஓடியவர்கள் உண்டு. இதெல்லாம் அப்போது. இப்போது அந்தக் கடையில் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

அவரிடம் ஒரு உதாரணம் இருந்தது. கேட்காதவர் அந்தத் தெருவில் கிடையாது.

"துணியில கத்திரி படுறதுக்கு முன்னாடியே சட்டை என் மனசுல இருக்குல்ல? கை, காலர், நீளம் எல்லாம் முடிவாயிடுச்சு. என்னை ஏன்யா இங்க வெட்டினேன்னு துணி வந்து கேக்குமா? அதே மாதிரிதான். உலகம் உண்டாகிறதுக்கு முன்னாடியே நம்மள அளந்து வச்சாச்சு. நல்லது கெட்டது எல்லாம் அந்த அளவுப்படிதான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரே பிரசங்கத்தில் அதை எடுத்துச் சொன்னார். அன்றைக்குக் கத்திரிக்குத் தலைகால் புரியவில்லை.

எதிர்த்த பேக்கரிக்காரம்மாவின் மகன் தண்ணீரில் மூழ்கிச் செத்தபோதும் போய் அதையேதான் சொன்னார். "துணி கேள்வி கேக்கக் கூடாதும்மா" என்றார். அந்தம்மா ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே இருந்தாள். ஆறுதல் சொன்ன திருப்தியோடு இவர் திரும்பி வந்தார். கெட்ட மனுஷன் இல்லை, சொன்னதை முழுமனதாக நம்பித்தான் சொன்னார். ஆனாலும் பெற்றவள் முன்னால் நின்று பேசுகிற பேச்சா அது? நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

கல்யாணமாகி ரொம்ப காலம் கழித்து அவருக்குப் பிறந்தது ஒரே மகள். வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள், பெயருக்கு ஏற்ற பிள்ளை. சாக்பீஸைத் திருடித் தரையெல்லாம் கிறுக்குவாள், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் அளப்பாள். கிடுகிடுவென்று வளர்ந்தாள். வளர்கிற பிள்ளைக்குத் தைத்தால் பக்கத் தையலுக்குள் கொஞ்சம் துணியை மடித்து விடுவது தையல்காரர்கள் வழக்கம். பிறகு தையலைப் பிரித்துப் பெரிதாக்கிக் கொள்ளலாம். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு விரல் அகலம் விடுகிறவர் வாலுவுக்குப் பக்கத்துக்கு ரெண்டு விரல் விடுவார்.

"கவுனை விட உள்ள இருக்குற துணிதான் ஜாஸ்தி" என்று மனைவி கிண்டல் செய்வாள்.

சபையில் பாடுவதற்கு என்று வெள்ளைக் கவுன் தைத்தபோது வாலுவே அதைத் திருப்பிப் பார்த்துக் கேட்டாள். "இவ்ளோ துணி எதுக்குப்பா உள்ள?"

"நீ வளர வளர அப்பா பிரிச்சு விட்டுக்கிட்டே இருப்பேன்."

"எவ்ளோ வளருவேன்?"

"அம்மாவை விட ஒசரமா."

கவுனைப் போட்டு ஒருமுறை கண்ணாடி முன்னால் பாடிப் பார்த்தாள். அவ்வளவுதான். சபையில் பாடும் நாள் வருவதற்குள் முகம் வீங்க ஆரம்பித்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டதாக டாக்டர்கள் சொன்னார்கள்.

எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் முட்டி போட்டுக் கெஞ்சினார். "வெட்டின துணியைக்கூட மாத்தித் தைக்கலாம் ஆண்டவரே. நானே எத்தனையோ தடவை செஞ்சிருக்கேன். உங்களால முடியாதா?"

மாற்றித் தைக்கப்படவில்லை. பிள்ளையை ஒரு மத்தியானம் துணி போர்த்தி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

வெள்ளைக் கவுனைத்தான் போட வேண்டும் என்றாள் மனைவி. பெண்கள் உள்ளே பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் கவுனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் அறைக்கு வந்தாள். அதுதான் கடை.

"பத்தல" என்றாள். "உடம்பு ஊதிக் கெடக்கு."

கத்திரி மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, கவுனை உள்பக்கமாகத் திருப்பி, பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்கத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற பாஸ்டர் அவர் தோளில் கை வைத்தார். பாஸ்டர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"பாத்தீங்களா பிரதர், இந்த நாளைக்கு வேணும்னு அன்னிக்கே உங்க கையால துணியை விட வச்சிருக்கார். அவர் சித்தத்துல எதுவும் தற்செயல் இல்ல."

பிளேடு நின்றுவிட்டது. தன்னுடைய சொந்த உதாரணம் தன் மேலேயே திரும்பி வந்திருந்தது.

கதவோரம் நின்ற பேக்கரிக்காரம்மா முன்னால் வந்தாள். "பாஸ்டர், கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, பிளேடு சுலபமாகப் போகும்படி தையலின் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு உங்ககிட்ட நான்..." என்று ஆரம்பித்தார் கத்திரி.

"அதெல்லாம் இப்ப எதுக்குண்ணே. பிரிங்க."

பிரித்தார். மடிந்து கிடந்த துணி வெயில் படாத வெள்ளையாக வெளியே வந்தது. ஓரத்தோடு ஓரமாக வைத்து மறுபடி தைத்தார். உள்ளே ஒரு நூல் அளவுகூட மிச்சமில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, கவுனை மனைவியிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள், உள்ளே போகவில்லை.

"பாஸ்டர் சொன்னது நெசமா?"

அவர் தலை நிமிரவில்லை.

"எல்லாருக்கும் பதில் சொல்வீங்களே, எனக்கும் சொல்லுங்க. இதுக்குத்தான் விட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவர் ஆயுசெல்லாம் பேசிய பேச்சு பொய்யாகாமல் நிற்கும். மெஷின் மேல் கிடந்த டேப்பை எடுத்துக் கையில் சுற்றினார், மறுபடி பிரித்தார்.

"இல்ல" என்றார். "ஆண்டவர் எதுக்கு விட வச்சாரோ எனக்குத் தெரியாது. அதை அவர்கிட்டயே கேட்டுக்கோ, நானும் கேக்கத்தான் போறேன். நான் விட்டது எம் புள்ள வளர்றதுக்கு."