நூறடிக் களத்தில் பாதி

எங்கள் வீட்டுக்கு எதிரே டியூஷன் நடக்கிறது. சாயங்காலமானால் பிள்ளைகள் ஒன்றாகக் கத்துவது என் சமையலறை வரை கேட்கும். நாற்பத்தொன்பதுக்கு வர்க்கமூலம் ஏழு, அறுபத்துநாலுக்கு எட்டு. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனாலும் அந்த வாத்தியாரை நம்புவதில்லை. ஐம்பதுக்கு என்னவென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வசதியான எண்ணாகப் பார்த்துப் பொறுக்குகிறாரோ என்னவோ.

நேற்று அங்கே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைக் கழுவினார்கள். அந்த வாசனையில் அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டேன். என் இளமை முழுக்க அந்த வாசனைதான். பிளீச்சிங் பட்டறையில் வெளுத்த பனியன் துணியை ஈரத்தோடு கொண்டுவந்து கொட்டுவார்கள். நாங்கள் களத்தில் விரித்துக் காயவைத்துக் கொடுப்போம். காக்காய் விரட்டுவது தனி வேலை. இன்றைக்கும் காக்காயைக் கண்டால் என் கை கல்லைத் தேடும்.

களம் பக்கத்துக்கு நூறடி, நல்ல சதுரம். குத்தகைக்கு விட்டிருந்த தோட்டத்துக்காரருக்கு ஒருநாள் அந்த இடம் வேண்டியிருந்தது. மேற்கே இதில் பாதி அளவுக்கு வேறொரு சதுரக் களம் தருகிறேன் என்றார். பாதி இருந்தால் துணியைக் காலையிலும் மத்தியானமுமாகப் பிரித்துப்போட்டுச் சமாளிக்கலாம். குறைந்தால் பட்டறைக்காரர் வேறு களம் பார்த்துவிடுவார், எங்கள் பிழைப்பு போய்விடும்.

அவர் ஒவ்வொரு பக்கமும் ஐம்பதடி வைத்து நாலு முளை அடித்தார். நூறில் பாதி ஐம்பது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பாதித் துணியைக் கொண்டுபோய் விரித்தேன். அதிலும் பாதி இடமில்லாமல் கையிலேயே நின்றது.

பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் போனேன். மொத்தம் பத்தாயிரம் சதுர அடி, பாதி ஐயாயிரம், அதன் வர்க்கமூலம் எழுபதுக்குக் கொஞ்சம் மேலே என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன்.

"அது முடியாமப் போயிட்டே இருக்குமுங்க அம்மிணி."

முடியாத கணக்கை வைத்து எப்படி முளை அடிப்பது, நீங்களே சொல்லுங்கள். இவரும் தோட்டத்துக்காரரும் டீ குடிப்பது ஒரே கடையில். அதிகமாகக் கேட்டு நான் அசிங்கப்படட்டும் என்று பேசிவைத்துக்கொண்டார்களோ?

வீட்டுக்கு வந்து பனியன் துணியில் ஒரு சதுரம் வெட்டினேன். நாலு மூலையையும் நடுவுக்கு மடித்தேன். மறுபடி சதுரம், எங்கு பார்த்தாலும் இரண்டு அடுக்கு. அப்படியானால் பரப்பு சரிபாதி. பக்கமோ பழையதில் பாதியைத் தாண்டி நீண்டது. வாத்தியார் மேலிருந்த சந்தேகத்தை அரைமனதாக விட்டேன்.

மடித்ததைத் தோட்டத்துக்காரரிடம் காட்டினேன்.

"பனியன் துணிய இழுத்தா அவிநாசி வரைக்கும் நீளுமே அம்மிணி."

"அப்ப உங்க கைக்குட்டையக் குடுங்க. அது நீளாதுங்களே."

கொடுத்தார். மடித்தேன். விரலால் இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் முளைகள் எழுபதடிக்குப் போயிருந்தன. அந்தக் 'கொஞ்சம்' மட்டும் அவரிடமே தங்கிவிட்டது.

தெரியாமல்தான் செய்தாரா என்று பின்னொரு நாள் கேட்டே விட்டேன்.

"நூத்துல பாதி அம்பதுதானுங்களே அம்மிணி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் நம்பவில்லை.

அதிலிருந்து தினமும் விடிந்ததும் முதல் வேலை, முளை நகர்ந்திருக்கிறதா என்று களத்தைச் சுற்றி வருவது. ஊருக்குள் டிரையர் மெஷின் வந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு பக்கம் ஈரத்துணி போனால் மறுபக்கம் காய்ந்து வருமாம். இப்போது திருப்பூரில் எங்கே தேடினாலும் வெயிலில் விரித்த பனியன் துணியைப் பார்க்க முடியாது. துணி வண்டி வராமல் நின்ற அன்று காலையிலும் நான் களத்தைச் சுற்றிப் பார்த்தேன். நாலு முளையும் அடித்த இடத்திலேயே இருந்தன.