மூச்சுக்கு எத்தனை வயது

அண்ணன் பேத்தியின் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டு என் கைக்கு வந்த நாளிலிருந்துதான் எனக்கு இருப்புக் கொள்ளாமல் போயிற்று. எங்கள் வழக்கப்படி தட்டை வாங்க வேண்டியவர் குடும்பத்தில் மூத்தவர். அது என் அண்ணன். என்னைவிட ஆறு வயது பெரியவர், நெய்க்காரப்பட்டியில் தென்னந்தோப்புக்கு இன்னமும் தானே தண்ணீர் பாய்ச்சுகிறவர். ஒட்டன்சத்திரத்திலிருந்து அன்றுதான் முதல் தடவையாக வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நேராக என்னிடம் வந்து, “ஏனுங்க, பெரியவர் நீங்கதானுங்களே? பிடிங்க” என்று நீட்டினார். நானும் மரம் மாதிரி நின்று வாங்கிக்கொண்டேன்.

கூடமே சிரித்தது. “இருக்கட்டுமுங்க, தம்பியே வாங்கட்டும்” என்று அண்ணன் பெருந்தன்மை வேறு காட்டினார். எனக்கு வந்த எரிச்சல் அந்த மனிதர் மேல் இல்லை. அவர் கண்ணில் பட்டதை அவர் சொன்னார்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது அண்ணன் பக்கத்தில் வந்தார். “ஏந்தம்பி, நாலு படி ஏறறதுக்கே உனக்கு இப்படி மூச்சு வாங்குது. அந்த பஸ் புகைக்குள்ளயே எதுக்குக் கெடக்கறீங்க? கடையப் பூட்டிப்போட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க” என்றார். பார்க்கலாம் என்று மழுப்பிவிட்டு வந்தேன்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டிய சாலையில் நானும் என் மனைவியும் முப்பது வருடமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறோம். நான் நகல் எடுப்பேன். எழுதத் தெரியாதவர்களுக்கும் எழுதப் பொறுமையில்லாதவர்களுக்கும் அவள் விண்ணப்பம் நிரப்பித் தருவாள். எதிரே பேருந்துகள் எஞ்சினை அணைக்காமல் நின்று ஆள் ஏற்றும். அந்தப் புகை மூக்கில் உறைப்பது எங்களுக்கு எப்போதோ நின்றுபோயிருந்தது. கடையைப் பூட்டு என்று சொல்வது சுலபம். பூட்டிவிட்டு நான் என்ன, தென்னைக்குக் கதை சொல்லவா?

ஆனால் தட்டு வாங்கிய மறுநாளிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. நகலுக்கு வரும் ஆதார் அட்டையில் பிறந்த வருடத்தைப் பார்ப்பேன், நிமிர்ந்து ஆளைப் பார்ப்பேன். ஆட்டோ நிறுத்தத்தில் முப்பது வருடம் நின்றவர் என்னைவிட இளையவர் என்று அட்டை சொல்லும், என் தகப்பனார் வயதிருக்கும் என்று முகம் சொல்லும். செம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிற, காடு உழுகிற சம்சாரிகளுக்கும் சுருக்கம் உண்டு, வெயில் யாரை விட்டது? ஆனால் அவர்கள் என் கடைப் படியில் நின்று மூச்சு வாங்குவதில்லை. இதை வைத்துப் புகைமேல் பழி போட முடியாது என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஒருவரிடம் அட்டையை மாற்றிக் கொடுத்து வசவும் வாங்கினேன்.

“செத்த நேரம் ஒரு எடத்துல ஒக்கார மாட்டேங்கிறீங்க. அம்புட்டுச் சந்தேகமா இருந்தா டாக்டர்ட்டப் போயிக் கேளுங்க” என்று என் மனைவிதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

நெஞ்சு டாக்டர் சின்ன வயதுப் பெண். ஒரு குழாயைக் கொடுத்து மூச்சு உள்ளவரை ஊதச் சொன்னார். திரையைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு வயசு அறுபத்திரெண்டு. நுரையீரல் எழுபதத் தாண்டினவருக்கு இருக்கற மாதிரி இருக்குங்கய்யா” என்றார்.

“நான் பீடி சிகரெட்டத் தொட்டதே இல்லம்மா.”

“ரோட்டுப் புகையும் புகைதானே. வருசக்கணக்கா சுவாசிச்சா ஒடம்பு முந்திக்கிட்டு மூப்பாகும். அது ஒண்ணுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஒரு நிம்மதிதான் வந்தது. குற்றம் சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது.

என் மனைவியைக் காட்டி, அம்மாவும் ஊதிப் பார்க்கட்டும் என்றார் டாக்டர். “எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே அவள் குழாயை வாங்கினாள். மூன்றாவது தடவை ஊதும்போது இருமல் பிடித்துக்கொண்டது. டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“அம்மாவுக்கு உங்களவிட மோசமா இருக்கு. எம்பது வயசுக்காரங்களுக்கு இருக்கற மாதிரி.”

அவள் என்னைவிட ஐந்து வயது சிறியவள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “அப்ப நான் உங்களுக்கு மூத்தவளாயிட்டேனா?” என்று கேட்டுச் சிரித்தாள். பெண் இளையவள்தானா என்று ஜாதகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம் எங்களுடையது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஒரே கடைன்னு சொன்னீங்க. யார் எங்க ஒக்காருவீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“நான் உள்ள, மெஷின்கிட்டம்மா. தூசி ஏறினா மெஷின் போயிரும்னு மெக்கானிக் சொன்னாரு. அதனால சுத்திக் கண்ணாடி அடைச்சிருக்கேன்.”

“அம்மா?”

இருபது வருடத்துக்கு முன் கண்ணாடி அடைத்த அன்று அவள் மேஜைக்கு உள்ளே இடம் போதவில்லை. முன்னால் இருந்தால் போகிறவர் வருகிறவர் கண்ணில் படும் என்று நானே சாலையோரம் இழுத்துப் போட்டேன். மெஷினைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டு அவளை வெளியே உட்கார்த்தியிருந்தேன். ஒருநாள் முழுக்க அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை.

“எம் மேசை வெளியதான் டாக்டர். ஆளுக வந்து கேக்க அதான் வசதி” என்று அவளே சொன்னாள். யார் இழுத்துப் போட்டது என்பதைச் சொல்லவில்லை.

கடைக்குத் திரும்பி வந்தபோது வேடசந்தூரிலிருந்து ஒரு அம்மாள் முதியோர் பென்ஷன் விண்ணப்பத்தோடு காத்திருந்தார். “இந்த வாரத்தோட கடையப் பூட்டிருவோம்” என்றேன்.

“பூட்டலாம். இவுகளுக்கு எழுதிக் குடுத்துர்றேன், ரொம்பத் தொலைவுலருந்து வந்திருக்காக” என்று என் மனைவி தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஒரு பேருந்து வந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது. அதன் புகைக்குழாய் அவள் முகத்துக்கு இத்தனை பக்கத்தில் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். அவள் எழுதி முடிக்கும்வரை இரண்டுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். புகை என்னைச் சுற்றிக்கொண்டு அவளிடம் போனது.